பழைய புரொசசரைப் போட்டுப் பாத்தீங்களா?

"போட் போயிட்டுது தங்கச்சி. திருத்துறதில பிரயோசனமில்லை, வேற ஒண்டு பாருங்கோ."

கடைக்காரர் இந்தத் தீர்ப்பைச் சொல்ல ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம்கூட எடுக்கவில்லை. பவர் பட்டனை இரண்டு தரம் அமத்தினார். லைற் எரிந்தது, ஃபான் சுத்தியது, ஸ்கிரீன் கறுப்பாகவே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் தானாக நின்று, திரும்பத் தானாகவே எழும்பியது. பரிசோதனை அவ்வளவுதான். புரொசசரை நானே மாத்தினேன் என்று சொன்னதும், "ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு ஏன் இந்த வேலை? வீட்டில அண்ணா இருந்தா ஒருக்கா வரச் சொல்லுங்கோ" என்றார்.

இந்தக் கட்டுரை அந்த மனிசரைத் திட்டுவதற்கு அல்ல. 'போட் போயிட்டுது' என்ற அந்த வசனத்தோடுதான் எனக்குச் சண்டை. போன வருசம் என் அறைத்தோழிக்கும் வேறொரு கடையில் இதையேதான் சொன்னார்கள். அவள் நம்பினாள். லப்டொப்பை ஸ்பெயார் விலைக்குக் குடுத்துவிட்டு வந்தாள். மூன்று வருசக் குறிப்புகளும், ஆய்வேட்டுக்கு எடுத்த நேர்காணல்களும் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன. உண்மையிலேயே போட்தான் போனதா என்பது இனி யாருக்கும் தெரியாது.

'புதுசு வாங்குங்கோ' என்பது எங்களுக்குச் சும்மா ஒரு ஆலோசனை இல்லை. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியதைப் பார்த்த ஆக்கள் நாங்கள். லப்டொப் விலை அன்றைக்கு ஏறின உயரத்துக்கு வீட்டு வருமானம் ஏறவில்லை. அதனால்தான் அண்ணா கம்பஸ் போகும்போது வாங்கிய லப்டொப்பை நான் இன்னும் பாவிக்கிறேன். 2011ஆம் ஆண்டு மொடல். உள்ளே இன்டெல் இரண்டாம் தலைமுறை ஐ3-2310எம், 2.1 கிகாஹேர்ட்ஸ். ரேமை 8 ஜிபி ஆக்கி, எஸ்எஸ்டியும் போட்டாச்சு. பழைய லப்டொப்புக்கு முதலில் செய்யவேண்டிய வைத்தியம் அந்த இரண்டும்தான், புரொசசர் கடைசி. அந்தக் கடைசிக்குத்தான் நான் வந்திருந்தேன்.

நான் வாங்கியது பழைய ஐ5-3210எம் ஒன்று. என்னுடையதும் 35 வாட், அதுவும் 35 வாட், ஆகவே சூடு பிரச்சினை இல்லை. 988 கால் சொக்கெட், அதுவும் பொருந்தியது. அச்சொட்டாக இருந்தது. ஆனால் லப்டொப் எழும்பவில்லை.

ஏன் என்று பிறகுதான் விளங்கியது. பவரை அமத்தியவுடன் புரொசசர் முதலில் ஓட்டுவது விண்டோஸை இல்லை. போட்டில் ஒரு சின்னச் சிப்பில் எழுதியிருக்கிற பயோஸ் என்ற நிரலை. உள்ளே இருப்பது எந்தப் புரொசசர் என்று அடையாளம் பார்த்து, அதற்குரிய மைக்ரோகோட் என்ற திருத்தத் தொகுப்பை ஏற்றுவது பயோஸின் வேலை. 3210எம் மூன்றாம் தலைமுறை. என் பயோஸ் அந்தத் தலைமுறையைக் கேள்விப்பட்டதே இல்லை. இந்த வகைப் புரொசசர்களில் கிராபிக்ஸும் அதற்குள்ளேயே இருப்பதால், அது சரியாக எழும்பாவிட்டால் பிழைச்செய்தி காட்டக்கூட ஸ்கிரீன் வராது. கறுப்பு ஸ்கிரீனுக்கு அர்த்தம் 'போட் செத்துட்டுது' என்பதில்லை. 'இந்த ஆளை எனக்குத் தெரியாது' என்பதாகவும் இருக்கலாம்.

அன்றிரவு ஹொஸ்டலில் பழைய ஐ3யைத் திரும்பப் போட்டேன். ஒரே தரத்தில் எழும்பியது. கடையில் 'போன' போட், மேசையில் உயிரோடு இருந்தது.

ஒரு பாகத்தை மாத்தின பிறகு மெஷின் வேலை செய்யவில்லை என்றால், பழைய பாகத்தைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் சோதனை. சைக்கிள் கடையில் நிற்கிற சின்னப் பெடியனுக்கும் இது தெரியும். அதைச் செய்யாமல் தீர்ப்புச் சொல்வது வைத்தியமில்லை, சாத்திரம்.

மற்றச் சோதனைகளும் பெரிய வித்தை இல்லை. சார்ஜரையும் பற்றரியையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை ஒரு அரை நிமிசம் அமத்திப் பிடியுங்கள். வெளி மொனிட்டர் ஒன்றைக் கொழுவிப் பாருங்கள். பிழை ஸ்கிரீனிலும் இருக்கலாம். ரேமை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். போட்டில் இருக்கும் காசு போன்ற வட்டப் பற்றரியைக் கொஞ்ச நேரம் கழற்றிவைத்தால் பயோஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். புரொசசரின் மூலையில் உள்ள முக்கோணம் சொக்கெட்டின் முக்கோணத்தோடு நேராக இருக்கிறதா, பூட்டும் ஸ்குரூ முழுதாகத் திரும்பியிருக்கிறதா, கால் ஏதும் வளைந்திருக்கிறதா என்று ரோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். இவ்வளவும் பார்த்த பிறகு 'போட்' என்று சொன்னால் நான் கேட்கத் தயார்.

"பிழை உன்னுடையதுதானே, பாக்காமல் வாங்கினாய்" என்று நீங்கள் சொல்லலாம். பாதி சரி. புரொசசரை மாத்த முதல், பழையது உள்ளே இருக்கும்போதே பயோஸைப் பார்த்திருக்கவேண்டும். புது வேர்ஷன் இருந்தால் அப்போதே ஏற்றியிருக்கவேண்டும். சொக்கெட் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்தது என் அவசரம்.

மற்றப் பாதி என்னுடையது இல்லை. இந்த போட் எந்தெந்தப் புரொசசரை ஏற்கும் என்பதைச் செய்த கொம்பனிக்குத் தெரியும். அது ஒரு பக்கப் பட்டியல். என் மொடலுக்கு அந்தப் பட்டியலைத் தேடி நான் இரண்டு இரவு முழிச்சிருந்தேன். கொம்பனியின் தளத்தில் அப்படி ஒன்று இல்லை. தெரிந்ததை மறைத்துவைத்துவிட்டு, தெரியாமல் பிழைவிட்டவரிடம் 'அனுமதியில்லாமல் திறந்தீங்கள்' என்பது எந்த ஊர் நியாயம்?

'மெல்லிசா வேணுமெண்டால் எல்லாத்தையும் ஒட்டத்தான் வேணும்' என்பது கொம்பனிகளின் வழமையான பதில். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இன்டெல்லின் லப்டொப் புரொசசர்களில் சொக்கெட்டில் வந்த கடைசித் தலைமுறை 2013இல் வந்த நாலாவது. அதற்குப் பிறகு போட்டோடு சேர்த்து ஒட்டித்தான் வருகிறது. இடமும் உயரமும் மிச்சம்தான். ஆனால் எல்லாப் பூட்டும் மெல்லிசுக்காகப் போட்டதில்லை. திங்க்பாட் லப்டொப்புகள் சிலவற்றில், பட்டியலில் இல்லாத வைஃபை கார்ட்டைப் போட்டால் 1802 என்ற பிழையைக் காட்டிவிட்டு மெஷின் எழும்ப மறுக்கும். கார்ட்டில் பழுதில்லை, அனுமதிதான் இல்லை. அதனால் எந்த லப்டொப் ஒரு மில்லிமீற்றர் மெலிந்தது? அதே திங்க்பாட்டுக்கு, எந்த ஸ்குரூவை எந்த ஒழுங்கில் கழற்றவேண்டும் என்று சொல்லும் பராமரிப்புக் கையேடும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே தகவலைத் திறந்து குடுக்கலாம். பூட்டுவதும் திறப்பதும் கொம்பனி எடுக்கிற முடிவுதான்.

பிரான்சில் 2021 ஜனவரியில் இருந்து லப்டொப் விற்கும்போது, அதைத் திருத்துவது எவ்வளவு லேசு என்று பத்துக்குப் புள்ளி போட்டுக் காட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. வாங்கமுதல் வாடிக்கையாளருக்குத் தெரியும். அவர்களைவிட ஒரு லப்டொப்பைக் கூடக்காலம் வைத்துப் பாவிக்கவேண்டிய நாங்கள், ரேம் ஒட்டியதா கழற்றக்கூடியதா என்றுகூடக் கேட்காமல் கலரையும் பாரத்தையும் பார்த்துக் காசைக் குடுக்கிறோம்.

ஆகவே மூன்று விசயம். வாங்கும்போது ரேமும் எஸ்எஸ்டியும் பற்றரியும் கழற்றக்கூடியதா என்று கேளுங்கள். கடையில் 'போட்' என்றால், என்னென்ன சோதித்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆர்ட்ஸ் பிள்ளை, பெம்பிளைப் பிள்ளை என்று சிரித்தால் சிரிக்கட்டும். கடைசியாக, மெஷின் உண்மையிலேயே செத்திருந்தாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுக்காமல் கடையைவிட்டு இறங்காதீர்கள்.

3210எம்ஐ விற்றவர் நல்ல மனிசர். அதை எடுத்துக்கொண்டு ஐ5-2520எம் ஒன்று மாத்தித் தந்தார். அது இரண்டாம் தலைமுறை, 2.5 கிகாஹேர்ட்ஸ், 35 வாட். போட்டேன், எழும்பியது. இதை அதில்தான் ரைப் பண்ணுகிறேன்.

போன கிழமை தேர்மல் பேஸ்ட் வாங்க அதே கடைக்குப் போனேன். அவர் இன்னொரு பெடியனின் லப்டொப்பைப் பிரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். "போட் போல கிடக்கு தம்பி" என்று தொடங்கினார். நான் அந்தப் பெடியனிடம் கேட்டேன்: "கடைசியா இதில என்ன மாத்தினீங்கள்?"

"ரேம்" என்றான்.

"பழைய ரேம் கையில இருக்கோ?"

பைக்குள் கையை விட்டான்.