தோள் கொடுத்த சிஷ்யர்கள்

ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுஜர் நூற்றிருபது பிராயம் வாழ்ந்தார் என்பது வைணவ குருபரம்பரையின் கூற்று. அந்தக் கணக்கை ஒப்பத் தயங்குகிறவர்களும், தள்ளாத வயதில் அவர் காவேரி ஸ்நானத்திற்குப் போகையில் பிராமண சிஷ்யரான முதலியாண்டானையும், திரும்புகையில் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட குலத்தில் பிறந்த சிஷ்யரான உறங்காவில்லிதாசரையும் தோள்பற்றி நடந்தார் என்ற செய்தியைக் கேட்டிருப்பார்கள். ஜாதி பேதத்தைத் தகர்த்த செயலாக அதைப் பேசி வருகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால், தேகம் தளர்ந்த ஆசாரியரை மடத்திலேயே அமர்த்தி நீரை மொண்டு ஊற்றாமல், தோளைக் கொடுத்து நடக்கவிட்ட சிஷ்யர்களின் விவேகத்தை யாரும் பேசுவதில்லை.

அவர் பிறந்த ஊரைச் சுற்றி இன்று நடப்பது வேறு. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதற்கும், 2010-இல் ஒரகடத்திலும் கார்கள் உருளத் தொடங்கியதற்கும் இடையே, ஏர் பிடித்தும் நாற்று நட்டும் ஏரிக்கரையில் மாடு ஓட்டியும் தம்மையறியாமலே தேகாப்பியாசம் செய்துவந்த ஒரு தலைமுறை, நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனபின் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. புதுவீடு கட்டியபோது திண்ணையும் போய், வழுவழுப்பான டைல்ஸ் தரை வந்தது. வெளியே வந்தால் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும். "எங்கயும் போவாத நைனா, ஒரு பக்கமா குந்து" என்று சொல்லிவிட்டு மகன் ஷிப்டுக்குப் போகிறான். பிரியத்தால் சொல்வதுதான், ஆயினும் அந்தப் பிரியமே அபாயம் என்பது என் அபிப்பிராயம். உட்கார்ந்தே இருப்பதால் தொடைச்சதை கரைகிறது. ஒருமுறை விழுந்தவர் பயத்தால் நடையைக் குறைக்க, குறைத்ததால் பலம் குன்ற, பலம் குன்றியதால் மீண்டும் விழுகிறார். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து மாள்கிறார்கள் என்றும், அவர்களில் அறுபதைக் கடந்தவர்களே அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

குளியலறையில் ஒரு கைப்பிடி, இரவில் ஒரு சிறு விளக்கு, கண்புரைக்குச் சிகிச்சை, தலைசுற்றல் தரும் மாத்திரைகளைப் பற்றி வைத்தியரிடம் ஒரு விசாரணை: இவை எளியவை. காலுக்குப் பலம் தேடுவதில்தான் பிரயாசை வேண்டும். அதற்கு வெறும் நடை போதாது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரோரமாக ஒற்றைக்காலில் நிற்றல், குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டிவைத்து நடத்தல் ஆகிய அப்பியாசங்களை வாரத்தில் மூன்று நாளாவது கிரமமாகச் செய்யவேண்டும். சமநிலைப் பயிற்சி பெற்றவர்களிடையே விழுதல் கால்பங்கு வரை குறைவதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. (தரையில் சம்மணமிட்டு உண்டு எழுந்த காலத்தில் இதெல்லாம் இலவசமாகவே நடந்தது, சாப்பாட்டு மேஜை வந்து கெடுத்தது!)

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் தமிழக அரசுத் திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டுவாசலுக்கே கொண்டுவருகிறது. எலும்பு முறிந்த பிறகு அல்ல, அதற்கு முன்பே முதியவர்களுக்கு இப்பயிற்சியைக் கற்பிக்கவும் அது பயன்படலாம். 2023-இல் மாவட்டந்தோறும் வகுக்கப்பட்ட எட்டு கிலோமீட்டர் நடைபாதையும் நல்ல காரியமே; ஆனால் எழுபது வயதுக்காரருக்கு வேண்டியது எட்டு கிலோமீட்டரல்ல, தெருமுனை வரை சமதளமும், அங்கே மூச்சுவாங்க ஒரு பெஞ்சும்.

அதற்குப் பணமில்லையென்று எவரும் சொல்ல முடியாது. பெரிய கம்பெனிகள் தம் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டுமென்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. ஆலைக்குள்ளே தொழிலாளி தடுக்கி விழாதிருக்க மஞ்சள் கோடிட்டு நடைவழி வகுத்து, கைப்பிடியைப் பற்றி இறங்கு என்று படிக்கட்டுக்குப் படிக்கட்டு பலகையும் மாட்டுகிறார்கள். அந்த மஞ்சள் கோட்டை ஆலை வாயிலுக்கு வெளியே, அவனுடைய தகப்பனார் பால் வாங்கப் போகும் கடை வரை நீட்டினால் என்ன?