விலக்கு தமிழ்நாட்டுக்கு, வெளியூர்த் தமிழருக்கு?

(மும்பையிலிருந்து நமது நிருபர்)

மகாராஷ்டிரப் பள்ளிகளில் 1-ஆம் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாம் மொழியாக்கும் ஆணை 2025 ஏப்ரலில் வந்தது. எதிர்ப்பு வலுக்கவே, ஜூன் 29-ந் தேதி மாநில அரசு பின்வாங்கியது. இத்தகைய சர்ச்சை எழும்போதெல்லாம், "இந்தி தேசிய மொழிதானே!" என்று சிலர் சொல்வதுண்டு. இது தவறு. அரசியல் சட்டம் எந்த மொழியையும் தேசிய மொழி என்று சொல்லவில்லை. 343-வது பிரிவின்படி இந்தி மத்திய அரசின் ஆட்சிமொழி, அவ்வளவே.

15 ஆண்டுத் தவணை

1949 செப்டம்பர் 14-ந் தேதி அரசியல் நிர்ணய சபை இதை முடிவு செய்தது. ஆங்கிலத்துக்கு 15 ஆண்டுத் தவணை தரப்பட்டது. 1965 ஜனவரி 26-ந் தேதி தவணை முடியும் வேளையில் தமிழகம் கொந்தளித்தது. மத்திய மந்திரிகள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தனர்.

பின்னர், 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1967-இல் திருத்தப்பட்டது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலச் சட்டசபைகளும், பிறகு பார்லிமெண்டின் இரு சபைகளும் தீர்மானம் போட்டால்தான் ஆங்கிலத்தை நீக்க முடியும். ஒரு சட்டசபை மறுத்தாலும் ஆங்கிலம் நீடிக்கும்.

நமக்குப் பொருந்துமா?

1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தா. ஆனால் அந்த விலக்கு மாநிலத்துக்கே அன்றித் தமிழருக்கு அல்ல. சென்னையிலிருந்து மும்பைக்கோ டில்லிக்கோ மாற்றலாகி வரும் மத்திய அரசு குமாஸ்தாவை அந்த விதிகள் கட்டுப்படுத்தும்.

அவருக்குப் பாதுகாப்பே இல்லையா? உண்டு. இந்தி, ஆங்கிலம் இரண்டில் ஒன்றை மட்டும் அறிந்த ஊழியருக்கு, மற்றது தெரியாத காரணத்தால் பாதகம் வரக்கூடாது என்கிறது சட்டத்தின் 3(4)-வது பிரிவு. கோப்பில் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதலாம். அவரே மொழிபெயர்த்துத் தர வேண்டியதில்லை என்கிறது 8-வது விதி.

கையெழுத்துக்கு முன்

கவனிக்க வேண்டியது வேறொன்று. மெட்ரிகுலேஷனில் இந்தியை ஒரு பாடமாக எடுத்துத் தேறியவர் 'நடைமுறை அறிவு' பெற்றவராகக் கருதப்படுவார். மும்பையில் படித்த நம் பிள்ளைகளில் பலர் இதில் அடங்குவர். அப்படி எழுதிக் கையெழுத்திட்டவரும் அவ்வாறே. இவர்கள் சட்ட, தொழில்நுட்பக் காகிதங்கள் நீங்கலாக, மற்ற இந்திக் காகிதங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்புக் கேட்க முடியாது.

'நல்ல தேர்ச்சி' உண்டு என்று எழுதிக் கொடுத்தால் விளைவு இன்னும் பெரிது. குறிப்பிட்ட ஆபீஸ்களில், குறிப்பிட்ட வேலைகளுக்கு அவர் இந்தியில் மட்டுமே எழுத வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிடலாம்.

மார்க்கெட்டில் பேசும் இந்தி வேறு, கோப்பில் எழுதும் இந்தி வேறு. பிழைக்க வந்த ஊரில் இந்தி கற்பது நல்லதே. ஆனால் கடைப்பேச்சை நம்பி, படிவத்தில் 'நல்ல தேர்ச்சி' என்று எழுதிவிட வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இடைஞ்சல் வந்தால் 3(4)-வது பிரிவைக் காட்டி, யூனியன் மூலம் எழுத்தில் கேளுங்கள்.