பட்டாம்பூச்சி மீனுக்குப் பசி

கடலுக்கும் நம் பாகலூருக்கும் சுமார் 300 கிலோமீட்டர். இருந்தும் சிப்காட் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் வீட்டில் மெரைன் டேங்க் வைத்திருக்கிறார்கள். பெங்களூர் பக்கத்திலேயே இருப்பதால் உப்பும் மீனும் வாங்குவது பெரிய காரியமில்லை. கோமாளி மீன், டாம்செல் என்று தொடங்குகிறவர்கள் அடுத்துக் கண் வைப்பது பட்டாம்பூச்சி மீன் மேல்தான். தட்டையான உடம்பு, மஞ்சளும் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டைகள். பல இனங்களில் உண்மைக் கண் ஒரு கறுப்புக் கோட்டில் ஒளிந்திருக்கும். சிலவற்றுக்கு வால் பக்கம் ஒரு பொய்க் கண் வேறு. ஆசைப்படுவதில் தப்பில்லை.

ஆனால் பவளம் வளர்க்கிற தொட்டியில் இந்த மீனை விடுவது, நம்மூர் ரோஜாத் தோட்டத்துக்குள் ஆட்டை அவிழ்த்துவிடுகிற கதை.

இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 130 இனங்கள் உண்டு. அவற்றில் கணிசமானவை பவளத்தின் உயிருள்ள சதையையே கொறித்து வாழ்பவை. அம்புக்குறி போல கோடுகள் கொண்ட கீட்டோடான் டிரைபேசியாலிஸ் என்ற இனம் பெரும்பாலும் அக்ரோபோரா பவளத்தை மட்டுமே தின்னும். மன்னார் வளைகுடாவில் திரியும் எட்டுப் பட்டை மீனும் பவளந்தின்னிதான். இப்படிப்பட்ட மீனைப் பவளத் தொட்டியில் விட்டால், ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய பவளம் சில வாரங்களில் மொட்டையாகிவிடும். பவளமில்லாத தொட்டியில் விட்டால் உறைய வைத்த இறாலை ஏறிட்டும் பார்க்காது. வயிறு ஒட்டி, முதுகு கத்தி முனையாகி, மெல்லச் சாகும். கடையில் இதைச் சொல்லி விற்கிறவர்கள் குறைவு.

நம் ஊருக்கென்று ஒரு வசதி உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பவளத்துக்கு 25, 26 டிகிரி வெப்பம் தோது. சென்னைக்காரர்கள் கோடையில் சில்லர் வாங்கிக் கரண்ட் பில்லைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார்கள். நமக்கு வருஷத்தில் பாதி நாள் அந்தக் கவலையே இல்லை. மார்கழியில் இங்கே ஹீட்டர்தான் வேண்டும்! தண்ணீர் விஷயத்தில் மட்டும் கை சுடும். நம் போர்வெல் தண்ணீர் கடினமானது, அதில் நேராக உப்பைக் கலக்க முடியாது. ஆர்ஓ வைத்து வடிகட்டித்தான் கலக்க வேண்டும், லிட்டருக்கு 35 கிராம் கணக்கில். 400 லிட்டர் தொட்டிக்கு 14 கிலோ உப்பு. வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினாலும் 40 லிட்டர் சுத்தத் தண்ணீர், அதற்காக ஆர்ஓ வெளியே தள்ளுவது அதைவிடப் பல மடங்கு. டேங்கர் லாரிக்குக் காத்திருக்கிற தெருவில் இது சின்ன விஷயமில்லை. கழிக்கிற உப்புத் தண்ணீரைத் தெரியாமல்கூடச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள்.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் போன மாதம் கேட்டான்: "சார், டேங்க் முழுக்க அயிப்டாசியா வந்துடுச்சு. காப்பர்பேண்ட் விட்டா தின்னுடுமாமே?"

அயிப்டாசியா என்பது கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்து தொட்டியெங்கும் பரவும் சின்னக் கடல்சாமந்தி. பிய்த்தால் விட்டுப்போன துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும். நீண்ட மூக்கும் செம்பு நிறப் பட்டைகளும் கொண்ட காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீன் அதைத் தின்னும் என்பது உண்மை. சில சமயம் தின்னாது என்பதும் உண்மை. தின்று தீர்த்த பிறகு அதற்கு என்ன போடுவீர்கள் என்பதுதான் கேள்வி. "அப்புறம் அதுக்குப் பசிக்குமே, தம்பி, என்ன செய்வே?" என்றேன். அவன் அதை யோசித்திருக்கவில்லை. ஓடு பிளந்த மட்டி, உயிருள்ள ஆர்ட்டீமியா என்று நாளுக்கு இரண்டு மூன்று வேளை பழக்கினால் சில மீன்கள் பிழைக்கின்றன. ஷிப்ட் மாறி மாறிப் போகிறவருக்கு அது நடக்கிற காரியமா?

பவளத்தோடு ஓரளவு ஒத்துப்போகிற இனமும் இருக்கிறது. பிரமிட் பட்டாம்பூச்சி மீன் நீரில் மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்பது, பவளத்தைப் பெரும்பாலும் தொடாது. ஆனால் பெரிய தொட்டி கேட்கும்.

பவளந்தின்னி மீன்களின் உணவு விசுவாசத்தை விஞ்ஞானிகள் வேறு விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பவளம் தின்னும் பட்டாம்பூச்சி மீன்களை எண்ணினாலே பவளத்திட்டின் உடல்நிலை தெரியும் என்று ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் எர்னஸ்ட் ரீஸ் 1981-இல் எழுதினார். நம் மன்னார் வளைகுடாவையும் அப்படிப் பார்க்கலாம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியக் கடல் பூங்கா அறிவித்தார்கள். அதற்கு முன்பு சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததும் ஒரு காரணமாக, இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2016-இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததில், உயிர்ப் பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. பவளம் போனால் இந்த மீன் எங்கே போகும்?

பவளத்தைக் காக்கச் சட்டமும் இருக்கிறது. 2001 முதல் கல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில். செத்த பவளக்கல்லுக்கும் அது பொருந்தும். மீறினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. "லைவ் ராக்" என்று மூட்டையில் கட்டித் தருகிறவரிடம் அது எந்தக் கடலில் எடுத்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் செயற்கைக் கல் போதும், தொட்டிக்கு வேண்டிய பாக்டீரியா அதிலும் குடியேறும்.

கடல்மீன்தான் வேண்டும் என்றால் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்த கோமாளி மீனை வாங்குங்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. பட்டாம்பூச்சி மீனில் அந்த வசதி இன்னும் பரவலாக வரவில்லை, விற்பனைக்கு வருவதில் மிகப் பெரும்பாலானவை கடலில் பிடித்தவையே.

அதையும் மீறி ஆசை அடங்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கொடுக்கும் முன், அந்த மீன் உங்கள் கண் முன்னால் ஒரு வேளை சாப்பிடுவதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத கடையில் வாங்காதீர்கள்.