பத்துக் கன்றுகள் சரி. எந்த மரத்தின் கன்றுகள்?

புது தில்லி சரோஜினி நகரில் அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துவிட்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுப்புவதற்காக, ஏறத்தாழ 11,000 மரங்களை வெட்ட 2018-ஆம் ஆண்டு திட்டமிடப்பட்டது. மத்திய அரசுப் பணிக்காகத் தலைநகர் வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் நிழல் தந்த மரங்கள் அவை. மக்கள் மரங்களைக் கட்டித் தழுவிப் போராடினர். விவகாரம் தில்லி உயர் நீதிமன்றம் சென்றது. ஜூலை 4 வரை மரங்களை வெட்டுவதில்லை என்று என்.பி.சி.சி. நிறுவனம் அவ்வாண்டு ஜூன் 25-இல் உறுதியளித்தது.

வெட்டப்படும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்றுகள் நடப்படும் என்பதே அப்போது கூறப்பட்ட சமாதானம். அந்த எண்ணிக்கையே எட்டப்படுவதில்லை என்பது வேறு விஷயம்: 2014-17 காலத்தில் ஈடாக நட வேண்டிய 65,090 கன்றுகளில் 21,048 மட்டுமே நடப்பட்டதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. ஆனால், நடப்படுவது எந்த மரத்தின் கன்று என்ற கேள்வி இந்தச் சர்ச்சையில் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது.

மாசைத் தாங்கும் மரங்களை அடையாளம் காண அறிவியலாளர்கள் 1980-களிலிருந்து ஒரு குறியீட்டைப் பயன்படுத்தி வருகின்றனர். இலையிலுள்ள வைட்டமின் சி, பச்சையம், நீர்ச்சத்து, இலைச்சாற்றின் அமிலத்தன்மை ஆகிய நான்கையும் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. ஆல், அரசு போன்றவை பல ஆய்வுகளில் முன்வரிசையில் நிற்கின்றன. எனினும், நச்சுக் காற்றில் மரம் பிழைக்குமா என்பதைத்தான் இக்குறியீடு சொல்லும். எவ்வளவு தூசியைப் பிடித்து நிறுத்தும் என்பதைச் சொல்லாது. அதைத் தீர்மானிப்பவை இலைகளின் மொத்தப் பரப்பும் சொரசொரப்பும்தான்.

தில்லியில் காற்று மிக மோசமடைவது நவம்பர் முதல் ஜனவரி வரை. குளிர்காலத்தில் இலையுதிர்த்து நிற்கும் முள்ளிலவு அப்போது என்ன செய்துவிட முடியும்? ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் நாவல் அப்படியல்ல. புது தில்லியை நிர்மாணித்த ஆங்கிலேயர்கள் நிழலுக்காகத்தான் அதை ராஜபாதை ஓரத்தில் நட்டனர், நல்ல தேர்வு.

பசுமை மாறாத மரம் என்பது மட்டும் போதாது. வேகமாக வளர்கிறதென்று தில்லி வீதிகளில் ஏராளமாக நடப்பட்ட ஏழிலைப்பாலை, புகைமூட்டம் தொடங்கும் அதே அக்டோபரில் பூக்கிறது. அதன் கடும் மணம் மூச்சுத்திணறலைத் தருவதாகப் புகார்கள் எழுந்தன. மாசைத் தாங்கி வளரும் கோனோகார்ப்பஸ் மரத்துக்குக் குஜராத் அரசு 2023-இல் தடை விதித்தது.

எனவே, மரம் வெட்ட அனுமதிக்கும் ஆணையிலேயே எந்த இனம், எத்தனை கன்றுகள், அதே வட்டாரத்தில் எந்த இடம் என்பவற்றை வனத்துறை குறிப்பிட வேண்டும். பெயர்த்து நடப்படும் மரங்களில் 80 சதவீதம் ஓராண்டுக்குப் பின்னும் உயிரோடிருக்க வேண்டும் என்கிறது தில்லி அரசின் 2020-ஆம் ஆண்டுக் கொள்கை. அதே கண்டிப்பு கன்றுகளுக்கும், இனவாரியாக வேண்டும்.