‘ஆலம் ஆரா’ தீயில் எரியவில்லை: திருத்தம் வெளியிடுங்கள்

இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வின் கடைசிப் பிரதி, 2003-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் மூண்ட தீயில் அழிந்துவிட்டது என்று நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. இது அப்பட்டமான பொய். எரிவதற்கு அந்தப் படம் அங்கே இருந்ததே இல்லை. காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயரே இதை மறுத்திருக்கிறார். சுருள்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்துவிட்டு அவற்றைக் கழித்துவிட்டதாக, படத்தை இயக்கிய அர்தேஷிர் இரானியின் குடும்பத்தார் சொன்னதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். மறுப்பைப் படிக்கக்கூட யாருக்கும் நேரமில்லையா?

தேதிப் பிழைதானே என்று இதை விட்டுவிட முடியாது. படம் பம்பாய் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியானது 1931 மார்ச் 14. தேசியக் காப்பகம் பிறந்தது 1964-ல். இடைப்பட்ட 33 ஆண்டுகள் பழைய படங்களைக் காக்க நாட்டில் ஒரு தேசிய நிறுவனம் இல்லை. அந்த அலட்சியத்தைத்தான் இந்தத் தீக்கதை மூடி மறைக்கிறது.

பாடல்களுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. ஜோசப் டேவிட்டின் பார்சி நாடகத்திலிருந்து உருவான இந்த உருது–இந்துஸ்தானிப் படத்தில் ஏழு பாடல்கள். பக்கீர் வேடத்தில் வசீர் முகம்மது கான் பாடியதே இந்தியத் திரையின் முதல் பாட்டு. பின்னணிப் பாடல் முறை வராத காலம். ரயில் இரைச்சலுக்குப் பயந்து இரவில் படம்பிடித்தார்கள். நடிகர் பாடப் பாட, கேமராவின் பார்வைக்கு வெளியே இருந்தபடி ஆர்மோனியமும் தபலாவும் வாசித்தார்கள். அந்தப் பாட்டுகள் இசைத்தட்டாக வெளிவரவில்லை. ஆக, அந்தக் குரல் இன்று எங்கும் இல்லை. பின்னாளில் வேறு படங்களுக்காகப் பாடப்பட்டதை ‘அசல் ஒலிப்பதிவு’ என்று ஒலிபரப்புவது, வசீர் கானுக்கும் கேட்பவருக்கும் செய்யும் துரோகம்.

தமிழ் ஏடுகளுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. நம் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ அதே ஆண்டில், ‘ஆலம் ஆரா’வைத் தயாரித்த அதே இம்பீரியல் நிறுவனத்தில்தான் உருவானது. அதுவும் இன்று இல்லை.

2003 தீக்கதையை வெளியிட்டவர்கள், வெளியிட்ட அதே இடத்தில் திருத்தம் போட வேண்டும். போலிப் பாடல்களிலிருந்து ‘ஆலம் ஆரா’ பெயரை நீக்க வேண்டும். காப்பகமும் வாய்மூடி இருக்கக் கூடாது: தீயில் அழிந்த படங்கள் எவை, அதற்கு முன்பே தொலைந்தவை எவை என்ற முழுப் பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.