செயினை அறுக்காதீர்கள், கழற்றுங்கள்



போன வாரம் இங்கே சேலையூரில், எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவன் புராஜெக்டுக்காகக் களை எடுக்கும் வண்டி செய்துகொண்டிருந்தான். பைக் செயின் நீளம் அதிகமாம். ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு கிரைண்டரை வைத்தான். கார்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை, காலில் ரப்பர் செருப்பு. ஆடிய செயின் சிக்கி டிஸ்க் உடைந்தது. புருவத்தில் மூன்று தையல். கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். கேட்டால், "வீடியோல இப்படித்தான் சார் செஞ்சாங்க" என்கிறான்.

எனக்குக் கோபம் அவன்மேல் இல்லை. "ஒரே நிமிடத்தில் வெட்டலாம்" என்று காட்டுகிறவர்கள் மேலும், "கிரைண்டர் இருக்கும்போது தனிக் கருவி எதுக்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் மேலும்தான்.

செயின் என்பது அறுப்பதற்கான பொருளே இல்லை. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை பெற்ற அதே அமைப்புதான் இன்றும்: தகடு, புஷ், ரோலர், எல்லாவற்றையும் கோக்கும் பின். அம்பத்தூர் டி.ஐ. டயமண்டும் கோவை ரோலானும் அப்படித்தான். பின்னைத் தள்ளினால் கண்ணி கழன்றுவிடும்.

சைக்கிள் செயினுக்குச் சின்னச் செயின் கட்டர் போதும். விலை சில நூறு ரூபாய். பைக் செயினில் பின்னின் தலை நசுக்கப்பட்டிருக்கும். செயினை வைஸில் இறுக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்தத் தலையை மட்டும் தேய்த்து எடுங்கள். கிரைண்டரின் வேலை அதோடு முடிந்தது. பிறகு பெரிய கட்டரால் ஒரே வெளிக்கண்ணியின் இரண்டு பின்களையும் தள்ளுங்கள். கழற்றிய பின்னைத் திரும்ப அடிக்காதீர்கள், பிடிப்பு போயிருக்கும். புது செயின் லாக் போடுங்கள். கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

"எப்படி வெட்டினாலும் துண்டாகத்தானே போகிறது?" என்பீர்கள். துண்டாகும். ஆனால் சூட்டில் பக்கத்துக் கண்ணியின் பதம் கெடும், இரும்புத்தூள் ரோலருக்குள் போகும். நாளை பாரம் இழுக்கப்போவது அந்தக் கண்ணிதான்.

ஆயுத பூஜையன்று கிரைண்டருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். மறுநாளே கார்டைக் கழற்றி மூலையில் போடுகிறோம். இது என்ன பக்தி?

பெற்றோர்களே, பிள்ளைக்கு ஒரு கட்டரும் ஒரு கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். அதுவரை கேம்ப் ரோடு பக்கம் வருகிறவர்கள் என்னுடையதை எடுத்துப்போகலாம். திருப்பித் தர வேண்டும், சொல்லிவிட்டேன்!

அன்புடன்,
உங்கள் சார்