மண்டபம் புக் பண்ணியாச்சு, பொண்ணுகிட்ட சொல்லியாச்சா?

கொஞ்சம் காரமான பதிவு. "பொம்பளைங்க சமாச்சாரத்துல இவனுக்கென்ன வேலை"ன்னு நினைக்கறவங்க இப்பவே கழண்டுக்கலாம்.

பொட்டி தட்டப் பூனா வந்து பதினாறு வருஷமாச்சு. போன வருஷம் மட்டும் நம்ம ஆளுங்க வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு மூணு பத்திரிகை வந்தது, மூணும் வாட்ஸப்பில். மூணுக்கும் போய் வடை பாயசத்தோட சாப்பிட்டுட்டு வந்தவன் நான். அதனால சடங்கே கூடாதுன்னு கொடி பிடிக்க வரலை (அது தனிச் சண்டை, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்). என் கேள்வி வேற. கேமராமேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தீங்க, ஊர்லேர்ந்து தாய்மாமனை ரயிலேத்திக் கூட்டிட்டு வந்தீங்க. அந்தக் குழந்தைகிட்ட அவ உடம்புல என்ன நடக்கப் போகுதுன்னு முன்னாடியே யாராவது உக்காந்து சொன்னீங்களா?

அப்பாவைக் கேட்டா, "அதெல்லாம் அவங்கம்மா பாத்துப்பா." அம்மாவைக் கேட்டா, "ஸ்கூல்ல சொல்லித் தருவாங்க."

ஸ்கூல் லட்சணத்தைப் பார்ப்போம். 2005-ல மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தது. 2007-ல மகாராஷ்டிரா உள்பட பல மாநிலங்கள் கலாச்சாரம் கெட்டுடும்னு அதை நிறுத்திட்டாங்க. 2009-ல வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளியில பாலியல் கல்வி வேண்டாம்னு சொல்லிடுச்சு. 2025-ல வந்த என்.சி.இ.ஆர்.டி. ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துல வளரிளம் பருவம் பத்தி ஒரு பாடம் இருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா நிறைய பொண்ணுங்களுக்கு அஞ்சாவது ஆறாவதுலயே வந்துடுதே? பரீட்சை முடிஞ்சப்புறம் சிலபஸ் கொடுத்த கதை.

ஊர்ல அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கான்னு நாலு பேர் இருப்பாங்க. பாதி சரியாவும் பாதி தப்பாவும் காதுல ஏதாவது போட்டு வைப்பாங்க. இங்கே ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுல அந்த நாலு பேர் யாரு? நீங்களும் உங்க தங்கமணியும்தான்.

நண்பர் ஒருத்தரோட பொண்ணு, அஞ்சாங்கிளாஸ். ரத்தத்தைப் பார்த்துட்டு ஏதோ பெரிய வியாதின்னு நினைச்சு, கர்ச்சீப்பை மடிச்சு வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லலை. மூணாம் நாள் ஜுரம் மாதிரி படுத்தப்பதான் விஷயம் தெரிஞ்சது. அப்பாவும் அம்மாவும் ஐ.டி., வீட்டுல நாலு லேப்டாப்.

இத்தனைக்கும் உடம்பு திடீர்னு எதுவும் பண்றதில்லை. எட்டுலேர்ந்து பதிமூணு வயசுக்குள்ள முதல்ல மார்பு லேசா அரும்பும். அதுக்கப்புறம் சுமார் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் மாதவிலக்கு. ரெண்டு வருஷ நோட்டீஸ் பீரியட்! நம்ம கம்பெனியில மூணு மாசம்தான். அந்த ரெண்டு வருஷத்துல பேட் எப்படி வைக்கணும், ஆரம்பத்துல தேதி முன்னப்பின்ன ஆகும், வலிச்சா வாயைத் திறந்து சொல்லணும்னு பேச ஒரு சாயங்காலம் கூடவா கிடைக்கலை?

பசங்க நிலைமை இன்னும் மோசம். அவனுக்குச் சடங்கும் இல்லை, புட்டும் இல்லை, உளுந்தங்களியும் இல்லை. மகரக்கட்டு உடைஞ்சா வீடே சிரிக்கும், அதோட சரி. கிட்டத்தட்ட பாதிப் பசங்களுக்கு இந்த வயசுல மார்பு லேசா வீங்கும், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா வடிஞ்சுடும். இது தெரியாம எத்தனை பேர் நீச்சல் கிளாஸுக்கு டிமிக்கி கொடுக்கறான்? தூக்கத்துல விந்து வெளியேறினா அது நோய் இல்லைன்னு எந்த அப்பன் சொல்றான்? அப்பன் சொல்லலைன்னா சொல்றதுக்கு ஆள் ரெடியா இருக்கான்: "வாலிப, வயோதிக அன்பர்களே..." லாட்ஜுல ரூம் போட்டு நம்ம தலைமுறையைப் பயமுறுத்திக் காசு பார்த்த கூட்டம். இந்த மாதிரி விளம்பரத்தைத் தடுக்க 1954-லயே சட்டம் வந்தாச்சு. அவங்க பொழப்பு ஓடினதுக்குக் காரணம் நம்ம அப்பாக்களோட மௌனம். இன்னிக்கு லாட்ஜுக்குப் போகவே வேண்டாம், மொபைல்லயே எல்லாம் வருது.

"இதெல்லாம் நம்ம கலாச்சாரமா?"ன்னு கேக்கறவங்களுக்கு: தினமும் கர்வே ரோடுல போறீங்களே, அந்தக் கர்வேயோட மகன் ரகுநாத் கர்வே 1927-லேர்ந்து 'சமாஜ் ஸ்வாஸ்த்ய'ன்னு மராத்தியில பத்திரிகை நடத்தினார். வாசகர்கள் உடம்பைப் பத்திக் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினதுக்கு ஆபாச வழக்குப் போட்டாங்க. 1934-ல அவருக்காக வாதாடினவர் அம்பேத்கர். கேஸ் தோத்துப் போச்சு. ஆனாலும் மனுஷன் 1953-ல சாகற வரைக்கும் பத்திரிகையை நிறுத்தலை.

சரி, எட்டு வயசுக்கு முன்னாடி பொண்ணுக்கோ ஒம்பது வயசுக்கு முன்னாடி பையனுக்கோ மாற்றம் தெரிஞ்சாலும், பதினஞ்சு ஆகியும் பொண்ணுக்கு வரலைன்னாலும், ஒரு மணி ரெண்டு மணிக்கு ஒரு தடவை பேட் நனைஞ்சாலும் டாக்டர்கிட்ட போங்க. ஜோசியர்கிட்ட இல்லை.

பையன்கிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு கூச்சப்படற அப்பாக்களுக்கு ஒரு ஐடியா. ஹிஞ்சேவாடி டிராஃபிக். ரெண்டு பேரும் ரோட்டைப் பாத்துக்கிட்டே பேசலாம், மூஞ்சியைப் பாக்க வேண்டாம், அவனால இறங்கி ஓடவும் முடியாது. நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன், தமிழ்லயே. வாகட் பாலம் வர்ற வரைக்கும் பயபுள்ள வாயே திறக்கலை. அப்புறம் மெதுவா கேட்டான்: "அப்பா, இது தங்கச்சிக்கும் வருமா? அவகிட்ட யார் சொல்லுவா?"